ஜாவா 8-லிருந்து 21: பன்னிரண்டு லட்சம் வரி, எந்த வரிசையில் மாற்றுவது?

துரைப்பாக்கம்_பேக்எண்ட்

வணக்கம். கடன் கணக்கு பார்க்கற ஒரு பழைய சிஸ்டம். 12 லட்சம் வரி, 140 மாவன் (பில்ட் கருவி) மாட்யூல். ஜாவா 8, ஸ்பிரிங் பூட் 2.3, டாம்கேட் 8.5, போஸ்ட்கிரெஸ். வெப் பக்கம் லினக்ஸ், இரவு பேட்ச் முழுக்க விண்டோஸ் சர்வர். வாடிக்கையாளருக்குப் போற ரசீது ஆங்கிலத்தில், தவணை தவறினா போற நோட்டீஸ் தமிழில் அச்சாகும். மூணு ஜாருக்கு சோர்ஸ் எங்கயும் இல்லை.

மேலிடத்தில் கேட்கறது: நேரா ஜாவா 21, கூடவே ஸ்பிரிங் பூட் 3, ஒரே ரிலீஸ். சேர்த்துப் பண்ணலாமா? பிரிச்சா எந்த வரிசை? கம்பைல் எர்ரர் பத்தி பயமில்லை, அது கண்ணுக்குத் தெரியும். தெரியாம உடையறது எது எதுன்னு அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

கிண்டி_ஜேவிஎம்

சேர்த்துப் பண்ணாதீங்க. இது ரெண்டு தனித்தனி மைக்ரேஷன். ஒண்ணு ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டற இயந்திரம்) மாத்தறது. இன்னொண்ணு பூட் 3 கேட்கற மாதிரி, ஜாவாக்ஸ்னு தொடங்கற பேக்கேஜ் பேரை ஜகார்த்தான்னு மாத்தறது. ரெண்டையும் ஒரே ரிலீஸில் விட்டுட்டு அடுத்த நாள் ஒரு வட்டிக் கணக்கு தப்பா வந்தா, காரணம் ஜேவிஎம்மா, ஹைபர்நேட் 6-ஆ (டிபியோட பேசற லைப்ரரி), ஸ்பிரிங் செக்யூரிட்டியான்னு தேடியே வாரம் போயிடும்.

பிரிக்க வசதியும் இருக்கு. ஸ்பிரிங் பூட் 2.7.18 ஜாவா 8-லயும் ஓடும், 21-லயும் ஓடும். அதான் உங்க பாலம். ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17 கட்டாயம்ங்கறதால ஜேவிஎம்தான் முதல்ல. வரிசை இப்படி:

முதல்ல ஜாவா 8-லயே இருந்துக்கிட்டு லைப்ரரி எல்லாத்தையும் ஏத்துங்க: பூட் 2.7.18, லோம்பாக், மாக்கிட்டோ, பைட்பட்டி, ஜாக்சன், டாம்கேட் 9. இதை ப்ரொடக்‌ஷன்ல விடுங்க. அப்புறம் புது ஜேடிகேயில் (கம்பைலரோட வர்ற ஜாவா தொகுப்பு) பில்ட் பண்ணி பழைய ஜேவிஎம்மில் ஓட்டுங்க. அதுக்கப்புறம் புது ஜேவிஎம்மில் ஓட்டுங்க. இதெல்லாம் நின்ன பிறகு பூட் 3.

2.7-க்கான ஓப்பன்சோர்ஸ் ஆதரவு 2023 நவம்பரோட முடிஞ்சிடுச்சு. அதனால பாலத்தில் நின்னுடக் கூடாது, கடந்து போகணும். டாம்கேட் 8.5-உம் 2024 மார்ச் 31-ஓட முடிஞ்சது. அதையும் இந்த முதல் கட்டத்திலயே தள்ளிடுங்க.

தரமணி_பில்ட்

மேலே சொன்ன வரிசை சரி. நடுவில் 11-ல் நிக்கணுமான்னு பலர் கேட்பாங்க, தேவையில்லை. 8-லிருந்து 17, அங்கிருந்து 21. 11-ல் உடையறது எல்லாம் 17-லயும் உடையும், ஒரே தடவையா பார்த்துடலாம். 17-ல் மட்டும் ஒரு நிறுத்தம் வெச்சுக்கோங்க. காரணம் 18-ல் டீஃபால்ட் கேரக்டர்செட் (எழுத்தை பைட்டாக்கற முறை) மாறுது. தமிழ் நோட்டீஸ் இருக்குன்னு சொன்னதால அது உங்களுக்குப் பெரிய விஷயம்.

பில்ட் பக்கம் மூணு விஷயம்.

புது ஜேடிகேயில் பில்ட் பண்ணும்போது சோர்ஸ் 8, டார்கெட் 8-ன்னு போட்டா போதும்னு நினைக்காதீங்க. பைட்பஃபரில் ஃப்ளிப், கிளியர் மாதிரி மெத்தடுகளோட ரிட்டர்ன் டைப் ஜாவா 9-ல் மாறிடுச்சு. முன்னாடி பஃபர், இப்போ பைட்பஃபர். கம்பைல் சுத்தமா போகும், ஜாவா 8-ல் ஓட்டினா நோசச்மெத்தட்எர்ரர். அந்த வரி என்னிக்கு ஓடுதோ அன்னிக்குத்தான் வெடிக்கும். ரிலீஸ் 8-ன்னு ஆப்ஷன் கொடுங்க, அப்போ கம்பைலர் ஜாவா 8-ஓட ஏபிஐயை மட்டுமே பார்க்கும். மாவன் கம்பைலர் பிளகின் 3.6-லிருந்து இது உண்டு.

"அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61" வந்தா உங்க கோடில் தேடாதீங்க. 52-ன்னா ஜாவா 8, 61-ன்னா 17, 65-ன்னா 21. ஏதோ ஒரு பழைய ஏஎஸ்எம் அல்லது சிஜிலிப் (பைட்கோட் லைப்ரரிகள்), புது கிளாஸ் ஃபைலைப் படிக்கத் தெரியாம நிக்குது. லோம்பாக் 17-க்கு 1.18.22, 21-க்கு 1.18.30-க்குக் கீழே இருக்கக் கூடாது. கிரேடில் மாட்யூல் இருந்தா 17-க்கு 7.3, 21-க்கு 8.5.

ஜாவா 11-ல் ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல் படிக்க, எழுத), ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், கார்பா, ஆக்டிவேஷன் எல்லாம் ஜேடிகேயிலிருந்து எடுத்துட்டாங்க. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் அனோடேஷனும் அதோட போச்சு. பாம் ஃபைலில் தனி டிபெண்டென்சியா சேர்க்கணும். இங்க ஒரு வம்பு இருக்கு: ஜாக்ஸ்பி ஏபிஐயை மட்டும் சேர்த்துட்டு ரன்டைம் ஜாரை விட்டுட்டா கம்பைல் ஆகும், முதல் எக்ஸ்எம்எல் வரும்போது விழும். டெஸ்டில் எக்ஸ்எம்எல் பாதையே தொடாத மாட்யூலைக் கவனமா பாருங்க.

சிறுசேரி_ஆப்ஸ்

ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டை யாரும் சொல்லலையே. கோடை விட முன்னாடி உடையறது அதுதான். பிரிண்ட்ஜிசிடேட்ஸ்டாம்ப்ஸ் இருந்தா ஜேவிஎம்மே ஏறாது, "அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்"னு சொல்லிட்டு நின்னுடும். 17-ல் மேக்ஸ்பெர்ம்சைஸுக்கும் யூஸ்கன்கரன்ட்மார்க்ஸ்வீப்ஜிசிக்கும் அதே கதிதான். அந்தக் கடைசி ஆப்ஷன் குறிக்கற சிஎம்எஸ் ஜிசி (நினைவகத்தைச் சுத்தம் பண்ற பகுதி) ஜாவா 14-லயே போயிடுச்சு. ஜிசி லாக் எழுதற ஆப்ஷன் எல்லாம் எக்ஸ்லாகுக்கு மாறிடுச்சு, லாக் ஃபார்மேட்டும் வேற. அந்த லாகை வெச்சு அலர்ட் போட்டிருந்தா அதையும் மாத்தணும்.

பழைய ஜேவிஎம், புது ஜேவிஎம் ரெண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் வேணும்னா, புதுசுக்கு மட்டும் வேண்டிய ஆப்ஷனை ஜேடிகே_ஜாவா_ஆப்ஷன்ஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளில் வைங்க. ஜாவா 9-க்கு மேலதான் அதைப் படிக்கும், 8 கண்டுக்காது. ரோல்பேக் அப்போ ஜேவிஎம் பாத்தை மட்டும் திருப்பினா போதும்.

ஜேடிகேயோட உள் பேக்கேஜைத் திறந்துவிடற ஆட்-ஓப்பன்ஸ் ஆப்ஷன் அங்கதான் போகும். 17-ல் இல்லீகல்-ஆக்சஸ் ஆப்ஷன் வேலை செய்யாது, ஒவ்வொரு பேக்கேஜையும் பேர் சொல்லித் திறக்கணும். நிறைய பேர் இருபது முப்பது ஆட்-ஓப்பன்ஸை எங்கயோ பார்த்து அப்படியே ஒட்டிடறாங்க. அப்படிச் செய்யாதீங்க. லைப்ரரியை ஏத்தினாலே முக்கால்வாசி தேவைப்படாது. மிச்சம் இருக்கற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் எந்த ஜாருக்காகன்னு கமென்ட் எழுதுங்க.

கன்டெய்னரில் ஓட்டறதா இருந்தா இன்னொண்ணு: 1792 எம்பிக்குக் குறைவான மெமரியோ, ஒரே ஒரு சிபியுவோ கொடுத்தா ஜேவிஎம் வழக்கமான ஜி1 ஜிசியை எடுக்காது, சீரியல் ஜிசியை எடுத்துக்கும். "புது ஜாவா மெதுவா இருக்கு"ன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது இது.

துரைப்பாக்கம்_பேக்எண்ட்

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். சன்.மிஸ்க்-ல இருக்கற பேஸ்64 என்கோடர் சுமார் 60 இடத்தில் இருக்கு. ஜாவா.யூட்டில்-ல இருக்கறதா மாத்தினா போதுமா? அப்புறம், ஜாவாக்ஸ் எல்லாத்தையும் ஃபைண்ட்-ரீப்ளேஸ்ல ஜகார்த்தாவா மாத்திடலாம்னு டீமில் ஒருத்தர் சொல்றார்.

கிண்டி_ஜேவிஎம்

ரெண்டுமே அப்படியே செய்யக் கூடாது.

பழைய சன் என்கோடர் 76 எழுத்துக்கு ஒரு தடவை வரி உடைக்கும். ஜாவா.யூட்டிலில் சாதாரண கெட்என்கோடர் உடைக்காது, ஒரே நீள வரி. டிபியில் ஏற்கனவே வரி உடைச்ச மதிப்பு கிடக்குமே, அதை சாதாரண டிகோடரிடம் கொடுத்தா இல்லீகல்ஆர்குமென்ட்எக்செப்ஷன். படிக்கற இடத்தில் எல்லாம் கெட்மைம்டிகோடர் போடுங்க, அது நியூலைனைத் தாண்டிப் போயிடும். எழுதற இடத்தில் அந்தப் பக்கம் யார் படிக்கறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க. மைம் என்கோடர் 76-ல் உடைக்கும், ஆனா எப்பவும் சிஆர்எல்எஃப் (ரெண்டு பைட் வரிமுடிவு) வைக்கும். பழசு லினக்ஸில் எல்எஃப் மட்டும் வெச்சது. அந்த மதிப்பு மேல ஹேஷோ கையெழுத்தோ போட்டிருந்தா பொருந்தாது. 60 இடத்தையும் ஒரு ஆள் உக்காந்து பார்க்கணும், வேற வழியில்லை.

ஜாவாக்ஸ்-ல எல்லாமே நகரலை. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன், அனோடேஷன், மெயில், ஜேஎம்எஸ், ஜாக்ஸ்பி நகர்ந்தது. ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், கிரிப்டோ, நேமிங், நெட்.எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல்.பார்சர்ஸ் ஜேடிகேயோடது, அப்படியேதான் இருக்கும். டிரான்சாக்‌ஷன் பேக்கேஜ் நகர்ந்தது, ஆனா அதுக்குள்ள இருக்கற எக்ஸ்ஏ நகரலை. அதனால கண்ணை மூடி மாத்த முடியாது. கோடைத் தானா மாத்தற ஓப்பன்ரீரைட் கருவியோட ரெசிப்பிக்கு இந்த வித்தியாசம் தெரியும், அதை ஓட்டுங்க. அது தொடாம விடறது ஸ்ட்ரிங்குக்குள்ள இருக்கற கிளாஸ் பேர், சில எக்ஸ்எம்எல் கான்ஃபிக், ரிஃப்ளெக்‌ஷன். அதுக்கு மட்டும் கையால் தேடுங்க.

எழுத்துரு_வேலை

தமிழ் நோட்டீஸ் என்று சொன்னதால் இதை விரிவாக எழுதுகிறேன். உங்கள் இரவு பேட்ச் விண்டோஸில் ஓடுகிறது. ஆங்கிலம்-இந்தியா என்று அமைத்த விண்டோஸில் கோட்பேஜ் (8-பிட் எழுத்து அட்டவணை) 1252. சிஸ்டம் டீஃபால்டாக வைக்கத் தமிழுக்கு விண்டோஸில் தனி கோட்பேஜ் கிடையாது. ஜாவா 8-இல் கேரக்டர்செட் சொல்லாமல் ஃபைல்ரீடர், ஃபைல்ரைட்டர், கெட்பைட்ஸ் எழுதினால் இந்த 1252-தான். ஜாவா 18 முதல் எந்த ஓஎஸ்ஸாக இருந்தாலும் யுடிஎஃப்-8.

யூனிகோடில் எழுதப்பட்ட நிரல் என்றால் பிரச்சினை பெரும்பாலும் இராது. 1252 வழியாகத் தமிழ் யூனிகோடை எழுதினால் வெறும் கேள்விக்குறிதான் வரும், அதனால் அப்போதே யாராவது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள். ஆபத்து அதற்கும் முந்தைய நிரல்களில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டேம், டேப் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. அவையும் டிஸ்கி என்ற இன்னொரு தமிழ்க் குறியாக்கமும் 8-பிட். டேப், டிஸ்கி இரண்டிலும் ஆங்கிலம் 128-க்குக் கீழே, தமிழ் அதற்கு மேலே. 2010-இல் அரசு யூனிகோடுக்கு மாறிய பிறகும் தனியார் நிறுவனங்களின் நோட்டீஸ் டெம்ப்ளேட்டுகள் பல அந்த எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஜாவா 8 அந்த பைட்டுகளை 1252 என்று படிக்கும். நினைவகத்தில் அது லத்தீன் குப்பை. ஆனால் திரும்ப 1252-இலேயே எழுதும்போது அதே பைட் வெளிவரும், அச்சில் தமிழ் சரியாக விழும். இரண்டு தவறு ஒன்றையொன்று சமன்செய்து இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது. ஜாவா 21-இல் அதே ஃபைலை யுடிஎஃப்-8 என்று படித்தால் அந்த பைட்டுகள் செல்லுபடியாகாது. அவை எஃப்எஃப்எஃப்டி என்ற மாற்றுக்குறியாகிவிடும். எக்செப்ஷன் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது, மூல எழுத்து மட்டும் மீட்க முடியாமல் போய்விடும். டிபியில் கிடக்கும் லத்தீன் குப்பையை எடுத்து எழுதினால் வேறு விதமாக உடையும்: ஒரு பைட்டாக இருந்தது இரண்டு மூன்று பைட்டாக விரியும், நிலையான அகலமுள்ள வரியில் அடுத்த புலம் எல்லாம் வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது: அந்தந்த இடத்தில் கேரக்டர்செட்டை வெளிப்படையாக எழுதுவது. எது என்பதில் கவனம் வேண்டும். டிபியில் ஏற்கெனவே 1252 வழியாகப் போன தரவு இருந்தால் 1252 என்றே எழுதுங்கள். அங்கே 80 என்ற ஹெக்ஸ் பைட் யூரோ குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதை ஐஎஸ்ஓ-8859-1-இல் எழுதினால் கேள்விக்குறியாகிவிடும். ஃபைலைப் படித்து அப்படியே இன்னொரு ஃபைலுக்கு அனுப்பும் நிரல் என்றால் ஐஎஸ்ஓ-8859-1 பாதுகாப்பானது, 256 பைட்டும் சேதமில்லாமல் போய் வரும். 1252-இல் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடமும் காலி, அந்த பைட்டுகள் அதன் வழியே சேதமில்லாமல் போய் வராது.

யூனிகோடுக்கே மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்த மைக்ரேஷனோடு சேர்க்காதீர்கள். டிஸ்கியில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை போதாது, இடமாற்றமும் செய்ய வேண்டும். நீளமும் மாறும். "சென்னை" யூனிகோடில் 6 குறி, யுடிஎஃப்-8-இல் 18 பைட். 30 பைட் என்று அளந்து வைத்த முகவரிப் புலத்தில் தெருப் பெயர் பாதியில் வெட்டுப்படும். வெட்டு ஒரு எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவே விழுந்தால் அடுத்த நிரல் அந்த வரியையே ஏற்காமல் போகலாம்.

பெருங்குடி_டெஸ்ட்

அண்ணா, 12 லட்சம் வரியில் கேரக்டர்செட் சொல்லாத இடத்தை எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறது? கிரெப் போட்டா கெட்பைட்ஸ் மட்டுமே ஆயிரக்கணக்கில் வருதே.

எழுத்துரு_வேலை

தம்பி, கிரெப் வேண்டாம். ஃபர்பிடன்-ஏபிஐஸ் என்ற மாவன் பிளகினில் ஜேடிகே-அன்சேஃப் என்ற பட்டியல் தயாராக இருக்கிறது. டீஃபால்ட் கேரக்டர்செட், டீஃபால்ட் லோகேல் (மொழி-நாடு அமைப்பு), டீஃபால்ட் டைம்ஸோன் மூன்றையும் நம்பும் அழைப்புகளை பைட்கோடிலிருந்து பிடித்து வரி எண்ணோடு தரும். முதலில் எச்சரிக்கையாக மட்டும் ஓட்டுங்கள். ஒரு மாட்யூல் சுத்தமானதும் அந்த மாட்யூலுக்கு மட்டும் பில்டை நிறுத்தும்படி மாற்றுங்கள், புதிதாக யாரும் சேர்க்க முடியாது.

ஜாவா 21 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே டெஸ்ட் சர்வரில், ஜாவா 8-இலேயே, ஃபைல்.என்கோடிங் ப்ராப்பர்ட்டியை யுடிஎஃப்-8 என்று கொடுத்து ஒரு இரவு பேட்ச் ஓட்டுங்கள். உடையப்போவது இப்போதே தெரியும். அவசரத்துக்கு 21-இல் அதே ப்ராப்பர்ட்டியை காம்பாட் என்று வைத்தால் பழைய நடத்தை திரும்பும்.

தரமணி_பில்ட்

லோகேல் பக்கமும் இதே மாதிரி சத்தமில்லாத மாற்றம் இருக்கு. ஜாவா 9-லிருந்து தேதி, பணம், மாசப் பேர் எல்லாம் சிஎல்டிஆர்ங்கற யூனிகோட் அமைப்போட தரவிலிருந்து வருது.

ஆங்கிலம்-இந்தியா லோகேலில் பண ஃபார்மேட் ஜாவா 8-ல் "ஆர்எஸ்" எழுத்தும் புள்ளியுமா வரும். புதுசுல ₹. உங்க ரசீது ஃபைல் 1252-ல் போறதா இருந்தா அந்தக் குறி அங்க கிடையாது, கேள்விக்குறிதான் அச்சாகும். தமிழ்-இந்தியா லோகேலுக்கு ஜாவா 8-ல் தரவே இல்லாததால மாசப் பேர் ஆங்கிலத்தில் வரும். புதுசுல "ஜனவரி"ன்னு வரும். வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான், ஆனா அந்தத் தேதியை இன்னொரு பேட்ச் பார்ஸ் பண்ணினா நின்னுடும். யுகே லோகேலில் செப்டம்பர் சுருக்கம் மூணு எழுத்திலிருந்து நாலு எழுத்தாச்சு, ஜாவா 16-ல். மத்த 11 மாசமும் ஓடி செப்டம்பர் 1 அன்னிக்கு விழற வகை இது. ஜாவா 20-ல் ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் முன்னாடி சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலா 202எஃப்ங்கற குறுகிய ஸ்பேஸ். கண்ணால் பார்த்தா வித்தியாசமே தெரியாது.

சிறுசேரி_ஆப்ஸ்

லோகேல் ப்ரொவைடரை காம்பாட்னு வெச்சுட்டு நகர்ந்துடலாமே. ஒரே ஒரு ஆப்ஷன்.

தரமணி_பில்ட்

இதில் உடன்பட மாட்டேன். ஜாவா 23-ல் அந்த காம்பாட் தரவையே எடுத்துட்டாங்க, 21-ல் எச்சரிக்கை வருது. அடுத்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெர்ஷன்) 25-க்குப் போகும்போது இதே வேலை திரும்ப வரும், அப்போ இதைத் தெரிஞ்சவங்க டீமில் இருப்பாங்களான்னு சொல்ல முடியாது. மனுஷன் படிக்கற இடத்தில் சிஎல்டிஆர் இருக்கட்டும். மெஷின் படிக்கற இடத்தில் லோகேலே வேண்டாம், ஐஎஸ்ஓ தேதி அல்லது லோகேல்.ரூட்டோட உங்க சொந்த பேட்டர்ன். கேரக்டர்செட் காம்பாட் வேற விஷயம், அதை ஒரு மாசத்துக்கு ஊன்றுகோலா வெச்சுக்கலாம்.

நேரத்தில் இன்னும் ரெண்டு. லோக்கல்டேட்டைம்.நவ் ஜாவா 8-ல் மில்லி செகண்ட் வரைக்கும்தான், 17-ல் லினக்ஸில் நானோ வரைக்கும் வரும். போஸ்ட்கிரெஸ் மைக்ரோ வரைக்கும்தான் வெச்சுக்கும். சேவ் பண்ணி எடுத்து ஒப்பிடற டெஸ்ட் எல்லாம் விழும். எழுதறதுக்கு முன்னாடி மைக்ரோவுக்கு வெட்டிடுங்க. ரெண்டாவது, விண்டோஸில் ஜேவிஎம் நம்ம டைம்ஸோனை ஏசியா/கல்கத்தான்னு சொல்லும். புது டெபியன் இமேஜில் பழைய டைம்ஸோன் பேர்களைத் தனி பேக்கேஜுக்கு நகர்த்திட்டாங்க, அதனால போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷனையே மறுக்கலாம். யூசர்.டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தான்னு எல்லா ஜேவிஎம்மிலும் வெச்சுடுங்க.

கிண்டி_ஜேவிஎம்

மேல சொன்ன எல்லாத்தையும் யூனிட் டெஸ்ட் பிடிக்காது. பழைய கோடில் டெஸ்டே எக்ஸ்பெக்டட் மதிப்பை அதே ஃபார்மேட்டரால்தான் உருவாக்கும், ரெண்டும் சேர்ந்தே மாறும், பச்சையா பாஸ் ஆகும்.

ரெண்டு ஜேவிஎம்மையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்க. ஒரே டிபி ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரெண்டு பிரதி, ஒரே இன்புட் ஃபைல், ஒரே ஜார். ஒண்ணு 8-ல், ஒண்ணு 17-ல். கிளாக்கை ஃபிக்ஸ் பண்ணுங்க, இல்லேன்னா ஒவ்வொரு வரியும் வேறயா வரும். முடிஞ்சதும் அவுட்புட் ஃபைல் எல்லாத்தையும் பைட் அளவில் ஒப்பிடுங்க, டெக்ஸ்ட் எடிட்டரில் இல்லை. எடிட்டர் குறுகிய ஸ்பேஸையும் சாதாரண ஸ்பேஸையும் ஒரே மாதிரி காட்டும். டிபி டேபிளையும் பிரைமரி கீ வரிசையில் டம்ப் எடுத்து டிஃப் பாருங்க. முதல் நாள் டிஃப் பயமுறுத்தும் அளவுக்கு வரும், ஆனா காரணம் ஏழெட்டுதான் இருக்கும். ஒரு காரணத்தைச் சரி பண்ணினா ஆயிரம் வரி மறையும். மாசக் கடைசி பேட்ச், மார்ச் 31 வருடக் கடைசி பேட்ச், செப்டம்பர் தேதியுள்ள ஒரு நாள், இந்த மூணையும் கண்டிப்பா ஓட்டிப் பாருங்க.

ப்ரொடக்‌ஷன் தேதி வைக்கும்போது மார்ச் 15-லிருந்து ஏப்ரல் 10 வரை தொடவே வேண்டாம். ஜிஎஸ்டி தாக்கல் இருக்கற 11, 20 தேதிகளையும் விட்டுடுங்க. படிக்க மட்டும் செய்யற ரிப்போர்ட் ஆப் ஒண்ணை முதல்ல மாத்தி ரெண்டு வாரம் விடுங்க.

பூட் 3-க்குப் போகும்போது பார்க்க வேண்டியது தனி இழைக்கான விஷயம். ஒண்ணு மட்டும் இப்பவே: ஹைபர்நேட் 6-ல் ஜெனரேட்டர் பேர் சொல்லாத என்டிட்டிக்கு பொதுவான ஹைபர்நேட்_சீக்வன்ஸ் போய், என்டிட்டி பேரிலேயே தனி சீக்வன்ஸ் தேடும். ஒவ்வொரு என்டிட்டிக்கும் சீக்வன்ஸ் பேரை இப்பவே, 5-ல் இருக்கும்போதே, வெளிப்படையா எழுதிடுங்க. அலோகேஷன் சைஸ் டிபியில் இருக்கற இன்க்ரிமென்ட்டோட பொருந்தணும். சொல்லாம விட்டா 50-ன்னு எடுத்துக்கும்.

துரைப்பாக்கம்_பேக்எண்ட்

ஃபைல்.என்கோடிங் யுடிஎஃப்-8 வெச்சு நேத்து இரவு டெஸ்ட் சர்வரில் ஓட்டினோம். 14 நோட்டீஸ் டெம்ப்ளேட்டில் 5 உடைஞ்சது, அஞ்சும் டேப் எழுத்துரு. மேலிடத்தில் ரெண்டு ரிலீஸா பிரிக்க ஒத்துக்கிட்டாங்க. சோர்ஸ் இல்லாத மூணு ஜார்தான் பாக்கி.

தரமணி_பில்ட்

மூணுத்துக்கும் முதல்ல ஜேடிகேயோட வர்ற ஜேடெப்ஸ் கருவியை ஜேடிகே-இன்டர்னல்ஸ் ஆப்ஷனோட ஓட்டுங்க. சன்.மிஸ்க் பேஸ்64 மாதிரி இல்லாமப் போன கிளாஸைத் தொட்டா அந்த ஜாரை மாத்தியே ஆகணும். ரிஃப்ளெக்‌ஷன் மட்டும்னா ஆட்-ஓப்பன்ஸ் போதும், ஆனா ரிஃப்ளெக்‌ஷனை ஜேடெப்ஸ் காட்டாது, ஓட்டித்தான் பார்க்கணும்.

பூட் 3 கட்டத்தில் அந்த ஜார் சர்வ்லெட்டைத் தொட்டா டாம்கேட்டோட ஜகார்த்தா மைக்ரேஷன் டூல் பைட்கோடிலேயே பேரை மாத்திக் கொடுக்கும், சோர்ஸ் வேண்டாம். ஜார் கையெழுத்திட்டதான்னு மட்டும் முன்னாடியே பாருங்க. மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ முடிவோட ஃபைல் இருந்தா, பைட்கோட் மாறினதும் கையெழுத்து பொருந்தாது, அந்த ஃபைல் மிச்சம் இருந்தா செக்யூரிட்டிஎக்செப்ஷன் வரும். அந்த ஃபைல்கள் மிச்சம் இருந்தா எடுத்துட்டு, மாத்தின ஜாருக்குப் புது வெர்ஷன் எண் கொடுத்து உங்க நெக்சஸில் (ஜார் சேமிப்பகம்) ஏத்துங்க. பழைய ஜாரையும் அதே இடத்தில் வைங்க, ரோல்பேக்குக்கு அது வேணும்.